இழுத்துப் பேசிய ஜெர்மன்

1

நவம்பர் முதல் தேதியோடு நம் நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு மெட்ராஸ் ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டன. நாகர்கோவிலில் வெடி போட்டார்களாம், கூட்டம் நெரிந்ததாம், மிட்டாய் கொடுத்தார்களாம். அண்ணன் சூசை எழுதியிருக்கிறான். மணக்குடியில் கருவாட்டு வியாபாரம் செய்கிறவன். பேசுவதைத்தான் எழுதுவான். மிட்டாயில் சீனி கம்மி என்ற புகாரோடு கடிதத்தை முடித்திருந்தான்.

நான் இருக்கும் இந்த வடக்கு இங்கிலாந்து நகரத்தில் அன்றைக்கு மழை. யாருக்கும் ஒன்றும் தெரியாது. நான் ஒருத்தி மட்டும் கடையில் கால் பவுண்டு மிட்டாய் வாங்கி, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தின்றேன். இதில் சீனி அதிகம்.

அந்த வாரமே பல்கலைக்கழக ஆபீஸில் கூப்பிட்டார்கள். என் பெயருக்குரிய அட்டையில் பிறந்த இடத்தைத் திருத்த வேண்டுமா என்று நானே கேட்டு வைத்ததன் பலன். குமாஸ்தா நல்ல மனுஷர், ஆனால் எல்லாம் நேராக இருக்க வேண்டும் அவருக்கு. 1947-இல் மாணவியாக வந்தபோது திருவிதாங்கூர் என்று எழுதியிருந்தேன். பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. இப்போது மெட்ராஸ். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உங்கள் குடும்பம் அடிக்கடி வீடு மாற்றுமோ என்று கேட்டார். வீடு அங்கேயேதான் இருக்கிறது, ராஜ்யம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது என்றேன். பென்சிலால் எழுதிக்கொள்கிறேன் என்றார். மையால் எழுத அவருக்குத் தைரியம் வரவில்லை.

அந்த அட்டையில் இன்னொரு விஷயமும் பென்சிலில்தான் இருக்கிறது. என் வேலை. நான் இங்கே ஜெர்மன் இலக்கியமும் ஸ்பானிஷ் இலக்கியமும் கற்பிக்கிற உதவி விரிவுரையாளர். மூன்று வருஷத் தவணை இந்த டிசம்பரோடு முடிகிறது. வரும் வியாழக்கிழமை ஒரு குழுவின் முன்னால் நான் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால் வேலை நிரந்தரம். இல்லை என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நம்மூர்க் கல்லூரி ஒன்றில் அண்ணன் ஏற்கெனவே விசாரித்துவிட்டான். ஜெர்மனும் ஸ்பானிஷும் இங்கே யாருக்கு வேண்டும், வந்தால் இங்கிலீஷ் இலக்கணம் எடுக்கட்டும் என்றார்களாம்.

ஒளிக்க ஒன்றுமில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும். இங்கிலீஷ் இலக்கணம் எடுக்க நான் இவ்வளவு குளிரைத் தின்றிருக்க வேண்டாம்.

2

மணக்குடிக்காரி ஒருத்திக்கு ஜெர்மன் எங்கே கிடைத்தது என்று கேட்காதவர்கள் இல்லை. ஆஸ்பத்திரியில் கிடைத்தது.

பன்னிரண்டு வயதில் வள்ளத்திலிருந்து குதித்துக் காலை முறித்துக்கொண்டேன். எலும்பில் சீழ் வைத்துவிட்டது. பெனிசிலின் எல்லாம் வராத காலம். நாகர்கோவிலில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருஷம் கிடந்தேன். வார்டைப் பார்த்துக்கொண்டவர் சிஸ்டர் வெரேனா. சுவிட்சர்லாந்தில் ஏதோ மலைக் கிராமத்தில் மாட்டுக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நான் பிறப்பதற்கு முன்னாலேயே நம்மூருக்கு வந்துவிட்டவர். நல்ல தமிழ் பேசுவார். நம்முடைய தமிழ், ‘ஏட்டி’, ‘மக்கா’ எல்லாம் சேர்த்து. ஆனால் கோபம் வந்தால் அவருக்குத் தமிழ் போதாது. கட்டுப் பிரிக்கும்போது நான் காலை இழுத்தால் ஜெர்மனில் திட்டுவார். நான் முதலில் படித்த ஜெர்மன் முழுக்க வசவு. பிறகு வலி, துணி, வெந்நீர், பொறு, அழாதே.

அவரோடு வந்த மற்ற இரண்டு சிஸ்டர்களையும் கொல்லத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஊர்ப் பேச்சுப் பேச அவருக்கு ஆளே கிடையாது. கட்டிலை விட்டு அசைய முடியாத ஒருத்தி கிடைத்தாள், விடுவாரா? பூனையிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார். பூனை ஒரு நாள் பதில் சொல்லிவிட்டது.

என் பெயர் பிலோமினா. சிஸ்டர் என்னை ‘மைட்லி’ என்றுதான் கூப்பிடுவார். அவர் ஊரில் சின்னப் பெண்ணுக்கு அப்படிச் சொல்வார்கள். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் அதை மைதிலி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வந்தபோது பக்கத்துக் கட்டில் அம்மாள், உம்ம மக மைதிலிக்கு இன்னைக்குக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட்டாள். அப்பா வெலவெலத்துப்போனார். கன்னியாஸ்திரிகளே பிள்ளையை இந்துவாக்கிவிட்டார்கள் என்றால் எந்தச் சாமியாரிடம் போய் முறையிடுவது? அதைத் தெளிவாக்கச் சிஸ்டருக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

கால் ஒரு மாதிரி சரியாகிக் குட்டையாக நின்றது. பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. துணி மடிப்பேன், பேசுவேன். கல்லூரிக்கு மெட்ராஸ் போகிற வரைக்கும் அப்படி.

3

மெட்ராஸில் ஹாஸ்டல் பெண்கள் முதல் நாளே கேட்டார்கள், நீ மலையாளியா என்று. தமிழ்தான் என்றேன். பின்னே ஏன் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துப் பேசறே என்றார்கள். நம் இழுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். வாக்கியத்தை ஏற்றி, வளைத்து, கடைசியில் கொஞ்சம் தூக்கி விடுவோம். நமக்கு அது கேட்காது. மற்றவர்களுக்கு வேறு ஒன்றும் கேட்காது. நானும் வம்புக்கென்றே இன்னும் கொஞ்சம் கூட்டி இழுத்தேன்.

பி.ஏ. முடித்து, மறைமாவட்டம் கொடுத்த உபகாரச் சம்பளத்தில் 1947 செப்டம்பரில் இங்கே வந்தேன். ஆசிரியர் பயிற்சிக்கு என்றுதான் பேச்சு. நேர்காணலில் வேறு என்ன தெரியும் என்று கேட்டார்கள். ஜெர்மன் தெரியும் என்றேன். போர் முடிந்த புதிது, அந்த மொழியைப் படிக்க ஆள் வராத சமயம். என்னை நேராக ஜெர்மன் துறைத் தலைவரிடம் அனுப்பிவிட்டார்கள்.

அவர் உயரமான மனிதர். ஜெர்மன் வட்டார வழக்குகளில் பெரிய புலி. பேசு என்றார். பேசினேன். ஆஸ்பத்திரி, கால், கடல், சாப்பாடு எல்லாம் சொன்னேன். அடுக்களை என்பதற்குச் சிஸ்டர் சொல்கிற சொல்லைச் சொன்னபோது எனக்கு இருமல் என்று நினைத்துத் தண்ணீரை நகர்த்தி வைத்தார். சின்னப் பெண் என்பதற்கு ‘மைட்லி’ என்றேன். அவர் எழுந்து போய்ப் பக்கத்து அறைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்து, மறுபடி சொல் என்றார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். கேலி இல்லை, உண்மையான சந்தோஷம். சேலை கட்டிய ஒரு பெண்ணின் வாயில் சுவிட்சர்லாந்து மாட்டுக் கொட்டில் பேசுகிறதே என்ற சந்தோஷம்.

அப்போது அவர் ஒன்று சொன்னார். “சொற்களை மாற்றிவிடலாம். அந்த ராகம் இருக்கிறதே, அது சுத்தமான மலைச் சுவிஸ் ராகம். அதுதான் போவதற்கு நாளாகும்.” அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அதைப் பற்றித்தான் புத்தகமே எழுதியிருக்கிறார். நானும் நம்பினேன். எனக்கு என்ன தெரியும், நான் சுவிட்சர்லாந்தைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஜெர்மன் படிக்கிறவர்கள் இன்னொரு மொழியும் எடுக்க வேண்டும். பாடப் புத்தகங்களைப் புரட்டினேன். ஸ்பானிஷ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் மெசா என்றால் மேசை. அர்மாரியோ என்றால் அலமாரி. ஸபாத்தோ என்றால் காலில் போடுகிற சப்பாத்து. அட, இது நம் வீட்டுச் சாமான் பட்டியல் அல்லவா என்று அதையே எடுத்துக்கொண்டேன். நானூறு வருஷத்துக்கு முன்னால் போர்ச்சுகீசியர்கள் நம் கரையில் விட்டுப்போன சொற்கள் அவை. ஸ்பானிஷ் அவர்களுக்குப் பங்காளி மொழி. பங்காளி என்பதால் எல்லாம் ஒன்றாக இருக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கே மாட்டினேன். முதல் வருஷ வாய்மொழித் தேர்வில் அறையில் உள்ளவற்றை ஸ்பானிஷில் சொல்லச் சொன்னார்கள். மேசை சரி. அலமாரி சரி. தைரியம் வந்து ஜன்னலைக் காட்டி ‘ஜனேலா’ என்றேன். தேர்வாளர் நிமிர்ந்தார். ஸ்பானிஷில் அது ‘வெந்தானா’. போர்ச்சுகீசும் படித்திருக்கிறாயா என்று கேட்டார். இல்லை, இது தமிழ் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். மார்க்கும் குறைத்துக்கொண்டார்.

ஆனால் ஒன்று. ஸ்பானிஷில் ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய். இங்கிலீஷ் பிள்ளைகள் அந்த ற-வுக்காகக் கண்ணாடி முன்னால் நின்று நாக்கைச் சுழற்றி எச்சில் தெறிக்கப் பயிற்சி செய்வார்கள். கரியும் கறியும் நம் வாயில் ஒன்றாகாது அல்லவா, எனக்கு அது பிறவிச் சொத்து. வகுப்பில் நாய் வந்தால் என்னைத்தான் எழுப்புவார்கள்.

4

பட்டம் வாங்கினேன். பிறகு ஆராய்ச்சிக்கு, கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களைப் பற்றிய பழைய கதைப் பாட்டுகளை எடுத்துக்கொண்டேன். ஜெர்மனிலும் ஸ்பானிஷிலும் அவை நிறைய. கரையில் நிற்கிற பெண் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பாள், பதில் சொல்ல ஆள் இருக்காது. அந்தப் பெண்களை நான் மணக்குடியில் பார்த்திருக்கிறேன். அதனால் அவற்றைப் படிக்கும்போது எனக்கு அகராதி அவ்வளவாகத் தேவைப்படவில்லை. அதை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் அம்மா இறந்த தந்தி வந்தது. கப்பல் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று போகவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

1953-இல் உதவி விரிவுரையாளர் ஆனேன். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கடித உறையில் ‘புரொபசர் பிலோமினா’ என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினான். நம்மூரில் கல்லூரியில் கால் வைத்தவர் எல்லோரும் புரொபசர். இங்கே ஒரு துறைக்கு ஒரே ஒரு புரொபசர்தான், அது துறைத் தலைவர். அவர் கையிலேயே அந்த உறை போய்ச் சேர்ந்தது. நேரே என் அறைக்குக் கொண்டுவந்து, உங்களுக்குப் பதவி உயர்வு வந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் தகவல் சொல்லவில்லை என்றார். அண்ணனுக்கு எழுதி விளக்கினேன். அடுத்த உறையில் ‘அசிஸ்டென்ட் புரொபசர்’ என்று வந்தது. விட்டுவிட்டேன்.

வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது வம்பும் தொடங்கியது. என் ஜெர்மனைப் பையன்கள் நடைபாதையில் பாடிக் காட்டினார்கள். நன்றாகவே பாடினார்கள். அது பரவாயில்லை. தேர்விலும் அப்படியே பேசிவிட்டார்கள். துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். உங்கள் படிப்பில் குறை இல்லை, ஆனால் இந்த ராகத்தோடு நிரந்தரம் கேட்டால் குழு ஒத்துக்கொள்ளாது, பிள்ளைகள் உங்களிடமிருந்து மலைச் சுவிஸ் ஜெர்மனைப் படித்துக்கொள்கிறார்கள் என்றார்.

ஒலியியல் அறையில் ஒரு வாத்தியாரிடம் விட்டார். அவர் முறை எளிது. பேசும்போது கையில் சாக்குக் கட்டியைக் கொடுத்துக் கரும்பலகையில் கோடு போடச் சொல்வார். குரல் ஏறினால் கோடு ஏற வேண்டும், இறங்கினால் இறங்க வேண்டும். முதல் நாள் என் கோடு மருந்துவாழ் மலை மாதிரி எழும்பி நின்றது. அவர் பக்கத்தில் ஒரு கோடு போட்டுக் காட்டினார், நம் உப்பளம் மாதிரி. இப்படி, என்றார். டேப் ரிகார்டரில் என் குரலை எனக்கே போட்டுக் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருஷம், வாரம் தவறாமல் போனேன். தெருவில் நடக்கும்போதும் மனசுக்குள் கோடு போட்டுக்கொண்டே போவேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்பதையும் கோடு போட்டுத்தான் கேட்டேன்.

போன வசந்தத்தில் ஒரு நாள் என் கோடு கரும்பலகையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை படுத்துக்கொண்டே போயிற்று. வாத்தியார் கைதட்டினார். எனக்கு அத்தனை பெருமை. சிஸ்டரின் மலைகளை எல்லாம் நிரவிவிட்டேன் என்று நினைத்தேன்.

5

இந்தக் கோடை விடுமுறையில், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, ஊருக்கு வந்தேன். கொழும்பு வரை கப்பல், தனுஷ்கோடி, ரயில், திருநெல்வேலி, அங்கிருந்து பஸ். ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அடித்தபோது நல்ல தூக்கத்தில் இருந்தேன்.

நாகர்கோவிலில் மணக்குடி பஸ்ஸில் ஏறினேன். மணக்குடிக்கு ஒரு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் சின்னப் பையன். என்னை ஏற இறங்கப் பார்த்து, குரலை மாற்றி, சிரமப்பட்டு நகரத்துத் தமிழில் கேட்டான்: “அம்மா மெட்ராசுங்களா? கோயில் பாக்க வந்தீங்களா?”

நான் மணக்குடி என்றேன். ஆமாம்மா, மணக்குடிதான் போகும், உட்காருங்கள் என்றான்.

வீட்டில் அண்ணன், மதினி, அவர்களுடைய பிள்ளைகள். நான் ஊரை விட்டபோது பிறக்காத பிள்ளைகள். நான் வாயைத் திறந்தால் மதினியின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். என்னவென்று மதினி அதட்டியதற்குச் சின்னவள் சொன்னாள், அத்தை ரேடியோ மாதிரி பேசுது என்று. மதினி அவள் தலையில் ஒன்று வைத்தாள். அண்ணன் மட்டும் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முதலிலேயே கவனித்துவிட்டான் என்று தெரிந்தது.

“ஏட்டி பிலோ, நாங்க நவம்பர்லதான் மெட்ராசுல சேரணும். நீ முந்தியே சேந்துட்டியா?”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். ஜெர்மன் கற்பித்து வாய் மாறிவிட்டது, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றேன். விடுமுறை முழுக்க இருந்தேன். கரையில் போய் மீன் ஏலத்தில் நின்றேன், வீட்டுப் பெண்களோடு வாய்ச் சண்டைகூடப் போட்டுப் பார்த்தேன். சொற்கள் எல்லாம் திரும்பி வந்தன. வழியில் பார்த்தவர்களை ‘எங்கோடி போறிய’ என்றும் கேட்டேன். ஆனால் கேட்டவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்தார்கள். யாரோ வெளியூர்க்காரி நம் சொல்லை நன்றாகப் பழகியிருக்கிறாள் என்ற முகம்.

கப்பலுக்குத் திரும்புகிற வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உண்மையில் நான் ஊருக்கு வந்ததில் பாதி அதற்காகத்தான். சிஸ்டர் வெரேனாவிடம் என் ஜெர்மனைக் காட்ட வேண்டும். அவர் அதே வார்டில், முடி நரைத்து, அதே சுறுசுறுப்போடு ஒரு கிழவரின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே, குழு முன்னால் பேசுகிற மாதிரி, பல்கலைக்கழக ஜெர்மனில் வணக்கம் சொல்லி, நலமா, எத்தனை வருஷம் ஆயிற்று, நான் இன்று இருக்கிற இடத்துக்கு நீங்கள்தான் காரணம் என்று அழகாகச் சொல்லி முடித்தேன். ஒரு பிசிறு இல்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்தார். பிறகு தமிழில் கேட்டார்: “நல்ல ஜெர்மன். ஆருட்ட படிச்ச?”

உங்களிடம்தான் சிஸ்டர் என்றேன்.

“இது நான் தந்தது இல்லியே மக்கா.”

அதற்குத்தானே காத்திருந்தேன். எல்லாம் சொன்னேன். துறைத் தலைவர், சாக்குக் கட்டி, கரும்பலகை, கோடு. உங்கள் சுவிட்சர்லாந்து ராகத்தை எடுக்க இரண்டு வருஷம் ஆயிற்று, லேசான வேலையா என்று செல்லமாகக் குற்றம் சாட்டினேன். அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்தார். கிழவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

பிறகு சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவரை முதன்முறையாகச் சொந்த ஊருக்கு விடுமுறையில் அனுப்பியிருந்தார்கள். அண்ணன் தம்பிகளும் தங்கையும் மாட்டுக் கொட்டிலில் நின்று அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்களாம். நம் மலைக்கும் ஒரு ராகம் உண்டு, அது வேறு. இது என்ன ராகம், எங்கே பிடித்தாய் என்று கேட்டார்களாம். அவருக்கு அப்போதுதான் தெரிந்ததாம். தமிழே பேசிப் பேசி, அவருடைய ஜெர்மனுக்குள் நம் ஆட்களின் பேச்சு ஏறிவிட்டிருக்கிறது. துணைக்கு வேறு சுவிஸ்காரர் யாரும் இல்லை, திருத்த ஆள் இல்லை.

“அது எங்க ஊரு இழுப்பு இல்ல. நாகர்கோவில் இழுப்பு. உங்க எல்லார்ட்ட இருந்தும் எனக்கு ஒட்டினது,” என்றார். “நீ எடுத்துப் போட்டது உன்னோடதை, மைட்லி.”

அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. அங்கே வேலை கிடைக்க அது தடை என்றால் எடுத்தது நல்லதுதான், காலே போகாமல் இருந்ததே பெரிய காரியம் என்று என் குட்டைக் காலைத் தட்டிவிட்டு எழுந்தார். கட்டுப் போட ஆள் காத்திருந்தது. நான் வெளியே வந்து பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டைச் சைகையால் வாங்கிக்கொண்டேன்.

6

கப்பலில் யோசிக்க நேரம் நிறைய இருந்தது. துறைத் தலைவர் மீது கோபம் வந்தது, போனது. அவர் காதில் விழுந்ததை அவருக்குத் தெரிந்த பெட்டியில் போட்டார். நம்மூர் என்று ஒரு பெட்டியே அவரிடம் கிடையாது.

இங்கு வந்து சேரும் முன்பே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். குழுவின் முன்னால் நான் நடத்தப்போகிற பாடம், கரையில் நிற்கிற பெண்ணின் பாட்டு. ஸ்பானிஷில் ஒன்று, அதற்கு ஈடான ஜெர்மன் ஒன்று. பாட்டை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண் கடலைப் பார்த்துக் கேட்கிற நான்கு வரியை மட்டும் சிஸ்டரின் ஜெர்மனில், அதாவது நம் இழுப்பில், படிப்பது. அந்த நான்கு வரிக்குத் தட்டைக் கோடு பொருந்தவே பொருந்தாது, அது எனக்கு நிச்சயம். கேட்டு வேலை கொடுக்காவிட்டால் போகட்டும். அப்படித்தான் நினைத்தேன். எழுதும்போது வீரமாகத்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை வந்தது. நீள மேசை, ஏழெட்டுப் பேர், மழைக்கோட்டு வாசனை. ஸ்பானிஷ் பாட்டைப் படித்தேன். பாட்டில் நாய் ஒன்று வரும், என் ற-வைக் கேட்டு ஸ்பானிஷ்காரர் ஒருவர் தலையாட்டினார். விளக்கம் சொன்னேன். ஜெர்மன் பாட்டுக்கு வந்தேன். அந்த நான்கு வரி வந்தது. மூச்சு இழுத்தேன். மனசுக்குள் அது தெளிவாகக் கேட்டது, மதினி கரையில் நின்று வள்ளத்தைக் கூப்பிடுகிற மாதிரி ஏறி வளைந்து நின்றது. வாயைத் திறந்தேன்.

தட்டையாக வந்தது. சுத்தமாக, சரியாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை. இரண்டாவது வரியில் பிடித்து ஏற்றிப் பார்த்தேன். குரல் கொஞ்சம் நடுங்கியதே தவிர ஏறவில்லை. பயமா, பழக்கமா, சொல்லத் தெரியவில்லை. நான்கு வரியும் போய்விட்டது. யாரும் ஒன்றும் கவனிக்கவில்லை. பாடத்தை முடித்தேன், கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் துறைத் தலைவர் அறைக்கு வந்து கையைக் குலுக்கினார். நிரந்தரம். ஒருவருக்கும் மறுப்பு இல்லை. “உங்களிடமிருந்து சுவிட்சர்லாந்து முழுசாகப் போய்விட்டது,” என்றார், தானே ஜெயித்த மாதிரி. நன்றி சொன்னேன். அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அவர் இன்னொரு புத்தகம் எழுத வேண்டியிருக்கும். ஆபீஸ் குமாஸ்தா வேலையை மையால் எழுதினார். பிறந்த இடம் பென்சிலிலேயே இருக்கட்டும், நீங்கள் மறுபடி மாறினாலும் மாறுவீர்கள் என்றார்.

7

அன்று சாயங்காலம் அறைக்கு வந்தேன். மிஸஸ் ஹால் என்கிற வீட்டுக்கார அம்மாளின் மாடியறை. கணப்பை மூட்டினேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒன்பது வருஷம் ஆசைப்பட்டது கைக்கு வந்திருக்கிறது, இல்லாமல் எப்படி இருக்கும்? யாரிடமாவது தமிழில் சொல்ல வேண்டும் போல இருந்தது. அண்ணனுக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு வாரம் ஆகும். அதனால் அம்மாவிடம் சொன்னேன், வாய் விட்டு. அம்மா, எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது.

வந்த தமிழை அப்படியே அச்சில் ஏற்றலாம். இதை அம்மா கேட்டிருந்தால் யாரோ மெட்ராஸ்காரப் பெண் வந்திருக்கிறாள், நாற்காலியை எடுத்துப் போடு என்று அண்ணனிடம் சொல்லியிருப்பாள். அந்த நினைப்பில் முதலில் சிரிப்புத்தான் வந்தது. அடுத்து அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்காக நான் அதுவரை அழவில்லை. தந்தி வந்த நாளில்கூட நூலகத்துக்குப் போய்விட்டு வந்தவள்தான். ‘எம்மா’ என்றேன். அது தட்டையாக வரவில்லை. மேலே ஏறி, வளைந்து, இறங்கி, கடைசியில் தூக்கிக்கொண்டு நின்றது. மறுபடி சொன்னேன். மறுபடியும் அப்படியே வந்தது. நிறுத்த மனசில்லாமல் அழுதேன்.

மறுநாள் காலையில் முட்டையைத் தட்டில் வைத்துக்கொண்டே மிஸஸ் ஹால் கேட்டார், நேற்று நீ பாடியது கீழே கேட்டது, வேலை கிடைத்த சந்தோஷமா, அது உங்கள் ஊர்ப் பாட்டா என்று.

எங்கள் ஊருடையதுதான் என்றேன்.